பதியாத டிசைனுக்குப் பாதுகாப்பில்லை

புதிய டிசைன் ஒன்றை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவருக்கே அது சொந்தம் என்று பெரும்பாலோர் நம்புகின்றனர். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிவு செய்தவருக்கே சொந்தம் என்கிறது. பதிவில்லாமல் விற்பனைக்குப் போன டிசைன், 50 பிரதிகளைத் தாண்டியதும் ஏறத்தாழ ஊர்ப்பொதுச் சொத்தாகிவிடுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் செம்பட்டியைச் சுற்றிச் சேலையும் பூட்டும் செய்து வாழும் குடும்பங்களின் பிழைப்பை நேராகத் தொடும் செய்தி இது. சம்பந்தப்பட்ட எல்லாரும் காலம் கடத்தாமல் கவனிக்க வேண்டிய செய்தியும் இதுவே.

செம்பட்டிக்குப் பக்கத்திலுள்ள சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். துணியை விரல் நுனியால் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் வெண்புள்ளி தெரியும். இது பழைய முறை. இன்று மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் அச்சிலும் சேலைகள் உருவாகின்றன. ஸ்கிரீன் வேலையில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். நான்கு நிறக் கரை என்றால் நான்கு ஸ்கிரீன்கள். ஒன்று நூலளவு விலகினாலும் கரை கலங்கிவிடும். முந்தானை, உடல், கரை மூன்றும் ஒத்துவரும்வரை சாயமும் துணியும் செலவாகிக்கொண்டே இருக்கும்.

இந்தச் செலவு முழுவதும் முதலில் டிசைன் போட்டவருடையது. பத்து டிசைன் போட்டால் பத்தும் ஓடுவதில்லை. ஓடாதவற்றின் நட்டத்தை ஓடியது ஈடுகட்ட வேண்டும். காப்பியடிப்பவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. சந்தை எதைத் தேர்ந்தெடுத்தது என்று பார்த்த பிறகே அவர் வேலையைத் தொடங்குகிறார். ஒரு சேலை வாங்கினால் போதும். செல்போன் படம் இருந்தாலே போதும். கணினியில் ஏற்றி, மலிவான செயற்கை இழைத் துணியில் அச்சிட்டு, பாதி விலைக்கு விற்க இன்று எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. சட்டத் தடை ஒன்றுதான் மிச்சம். அதுவும் பதிவு செய்தவருக்கு மட்டுமே.

2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2001 மே மாதம் நடைமுறைக்கு வந்த வடிவமைப்புச் சட்டம்தான் இதற்கான சட்டம். 1911ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்தது. ஒரு பொருளின் உருவம், அமைப்பு, கோலம், அலங்காரம், கோடுகளும் நிறங்களும் சேர்ந்த தோற்றம் ஆகியவற்றை இது பாதுகாக்கிறது. கண்ணால் பார்த்து அறியக்கூடிய தோற்றம் மட்டுமே கணக்கு. கையால் செய்ததா, இயந்திரத்தால் செய்ததா என்ற பேதம் இல்லை. பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு, ஆக 15 ஆண்டு உரிமை. பதிவு செய்யாவிட்டால் இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு நாள் உரிமைகூட இல்லை.

ஓவியம் வரைந்தவருக்குப் பதிப்புரிமை தானாகவே கிடைக்கும், டிசைனுக்கும் அது பொருந்தும் என்று சிலர் எண்ணுகின்றனர். இது ஆபத்தான எண்ணம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 15ஆம் பிரிவில் இந்த வாசலை அடைத்துவிட்டது. பதிவு செய்யத்தக்க டிசைன் ஒன்றைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கினால், பதிப்புரிமை அத்துடன் முடிந்துவிடுகிறது. சேலைத் தொழிலில் ஐம்பது என்பது ஒரு சின்னக் கட்டு. முதல் சரக்கு கடைக்குப் போய்ச் சேரும்போதே உரிமை போய்விட்டிருக்கும்.

இது வெறும் ஏட்டு விதியாக நின்றுவிடவில்லை. மெத்தை, சோபா உறைத் துணிகளில் அச்சிட்ட கோலங்களைப் பற்றிய வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் இதே விதியைக் கொண்டுதான் தீர்ப்பளித்தது. துணியில் ஏற்றுவதற்கென்றே உருவாக்கிய கோலம் டிசைன் ஆகும். பதியாமல் ஐம்பதைத் தாண்டியதால் பதிப்புரிமை நிலைக்காது என்றது. ஓவியம் எங்கே முடிகிறது, டிசைன் எங்கே தொடங்குகிறது என்பதற்கான சோதனைகளை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மீண்டும் வகுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெரு நிறுவனங்களே ஆண்டுக்கணக்கில் வாதாடும் எல்லைக்கோடு இது. சிறு உற்பத்தியாளர் அந்தக் கோட்டை நம்பித் தொழில் நடத்த முடியாது.

புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, இனி என்ன பயம் என்ற நினைப்பும் பரவலாக உள்ளது. மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் கிடைத்தது. இவை பெருமைக்குரியவை, பயனுள்ளவையும்கூட. ஆனால் புவிசார் குறியீடு காப்பது பெயரை. வேறு ஊரில் செய்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று விற்பதை அது தடுக்கும். திண்டுக்கல்லில் ஒருவர் கண்டுபிடித்த பூட்டின் தோற்றத்தை வேறு ஊரார் அப்படியே செய்து வேறு பெயரில் விற்பதை அது தடுக்காது. பெயருக்குக் கிடைத்த காவலை டிசைனுக்குக் கிடைத்த காவலாக எண்ணுவது தவறு.

பூட்டுத் தொழிலில் இன்னொரு வேறுபாட்டையும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். மாங்காய்ப் பூட்டின் வெளி உருவம் போன்ற தோற்றம் டிசைன் சட்டத்தின் எல்லைக்குள் வரும். உள்ளே லீவர்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன, சாவி எந்த முறையில் அவற்றைத் தூக்குகிறது என்பது வராது. இயங்கும் முறையையும் கட்டமைப்பின் தத்துவத்தையும் இந்தச் சட்டம் வெளிப்படையாக விலக்கியுள்ளது. அதற்குக் காப்புரிமைச் சட்டம் தனி. கள்ளச்சாவிக்கு வளைந்து கொடுக்காத நுட்பம் திண்டுக்கல் பட்டறைகளின் பெருமை. அந்த நுட்பத்துக்கு ஒரு பதிவு, தோற்றத்துக்கு இன்னொரு பதிவு என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

பதிவு செய்ய முன்வருபவருக்கும் ஒரு குழி காத்திருக்கிறது. டிசைன் புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத் தேதிக்கு முன் இந்தியாவிலோ வெளிநாட்டிலோ அது அச்சிலோ பயன்பாட்டிலோ பொதுமக்கள் முன் வந்திருக்கக் கூடாது. தானே வெளியிட்டிருந்தாலும் கூடாது. இன்று புதுச் சேலை மடிப்புக் கலையும் முன்பே அதன் படம் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடுகிறது. ஆர்டர் பிடிக்க அனுப்பிய அந்தப் படமே பின்னாளில் பதிவை ரத்து செய்யச் சான்றாக வந்து நிற்கலாம். முதலில் விண்ணப்பம், பிறகு விளம்பரம் என்ற வரிசையைத் தொழில் இன்னும் பழகவில்லை.

துணித் தொழிலுக்கென்று சட்டம் தந்த சலுகை ஒன்று உண்டு. பதிவுக்கென வைத்திருக்கும் புதிய துணி டிசைனுக்கு, இரகசியம் காக்கும் நிபந்தனையோடு வரும் முதல் ஆர்டரை ஏற்பது வெளியிட்டதாகக் கருதப்படாது என்று 16ஆம் பிரிவு கூறுகிறது. அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் வைக்க விரும்புபவர் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்தால், 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க 21ஆம் பிரிவு இடம் தருகிறது. இரண்டும் சிறு உற்பத்தியாளருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியவை. அவை உண்டு என்று சாயப்பட்டறைக்கும் தறிக்கூடத்துக்கும் போய்ச் சொல்லும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. தெரியாத சலுகை, இல்லாத சலுகைக்குச் சமம்.

பதிவுக் கட்டணம் எட்டாததல்ல. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு விண்ணப்பத்துக்கு 1,000 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 4,000 ரூபாய். பூட்டின் ஒரு டிசைனுக்கு இது பெரிய தொகை இல்லை. சேலைக்குக் கணக்கே வேறு. டிசைனுக்கு ஒரு விண்ணப்பம் என்பதால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேர்த்து 100 டிசைன் போடுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கட்டணம் மட்டுமே ஆகும். படங்கள் தயாரிக்கவும் விண்ணப்பம் எழுதவும் வழக்கறிஞர் செலவு தனி. அவற்றில் எது ஓடும் என்று முன்கூட்டித் தெரியாது. ஓடுவது தெரிந்தபின் பதியலாம் என்றால், அப்போது அது புதியதாக இருக்காது.

பதிவு செய்தவருக்கும் நிவாரணம் எளிதில் கிடைப்பதில்லை. டிசைன் திருட்டு இந்தச் சட்டப்படி குற்றவியல் குற்றமாகாது. ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் கோர முடியாது. ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இல்லையேல் நட்ட ஈடும் தடையாணையும் கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். எதிர்த் தரப்பு அந்தப் பதிவே செல்லாது என்று வாதிட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். காப்பியடித்தவர் முதலில் எடுக்கும் வாதமே அதுவாகத்தான் இருக்கும். ஒரு பருவத்துக்கு ஓடும் சேலைக்காக உயர் நீதிமன்றம்வரை செலவழிக்க எத்தனை பேரால் முடியும்?

பதிவில்லாதவருக்கு மிஞ்சும் வழி ஒன்றே. பிறர் தம் சரக்கை இவருடைய சரக்கு என்று வாங்குபவர் நம்பும்படி ஏய்த்து விற்றார் என்று நிரூபித்தால் நீதிமன்றம் தடை விதிக்கும். அதற்கு அந்தத் தோற்றத்தைப் பார்த்தவுடன் இன்னாருடையது என்று மக்கள் அடையாளம் காணும் அளவுக்குப் பெயர் பெற்றிருக்க வேண்டும். பல ஆண்டு விளம்பரம் செய்த நிறுவனம் இதை நிரூபிக்கலாம். கடைக்காரரின் பெயரில் சரக்கை விற்றுக்கொடுக்கும் சின்னாளப்பட்டி உற்பத்தியாளரால் நிரூபிக்க முடியாது. வாங்குபவருக்கு அவர் பெயரே தெரியாது.

பிரிட்டனின் முதல் டிசைன் சட்டமே அச்சிட்ட துணிக்காகத்தான் பிறந்தது என்பதை இங்கு நினைவூட்டுவது பொருந்தும். 1787இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், லினன், பருத்தி, மஸ்லின் துணிகளில் புதிய கோலம் அச்சிட்டவருக்கு இரண்டு மாதம் தனியுரிமை தந்தது. 1794இல் அது மூன்று மாதமாயிற்று. காலம் குறைவு. ஆனால் அதற்குள் முதலீட்டைத் திரும்ப எடுத்துவிடலாம் என்பது கணக்கு. பருவத்துக்குப் பருவம் மாறும் துணித் தொழிலுக்குக் குறுகிய கால உரிமை போதும், அது தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்ற உண்மையை அன்றைய சட்டமன்றம் புரிந்திருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் அந்த வழியிலேயே போகிறது. 2002 முதல் அங்கே பதியாத டிசைனுக்கும் வெளியிட்ட நாளிலிருந்து 3 ஆண்டு பாதுகாப்பு உண்டு. நீண்ட காலம் வேண்டுவோர் பதிவு செய்து 25 ஆண்டுவரை உரிமை பெறலாம். வெளியிட்ட பிறகும் பதிவு செய்ய 12 மாத அவகாசம் உண்டு. எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அதை மட்டும் பதியலாம். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் பொருளின் உருவத்துக்குப் பதிவில்லாமலே அதிகபட்சம் 15 ஆண்டுவரை உரிமை தருகிறது. பதிவுரிமையும் பதியா உரிமையும் ஒன்றையொன்று கெடுக்காமல் அங்கே அருகருகே நடக்கின்றன. நம் நாட்டில் இரண்டாவது இல்லவே இல்லை.

2024 நவம்பரில் ரியாத்தில் டிசைன் சட்டம் குறித்த சர்வதேச உடன்படிக்கை ஒன்று ஏற்கப்பட்டது. விண்ணப்பத்துக்கு முன் தானே வெளியிட்டவருக்கு 12 மாத அவகாசம் தருவது அதன் கூறுகளில் ஒன்று. இந்தியாவும் அந்த மாநாட்டில் பங்கேற்றது. மாநாட்டில் பங்கேற்பதோடு கடமை முடிவதில்லை. அந்த அவகாசம் உள்நாட்டுச் சட்டத்தில் எழுதப்படும்வரை, சின்னாளப்பட்டி உற்பத்தியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒவ்வொரு படமும் அவருக்கே எதிரான சான்றாக நீடிக்கும்.

ஆபத்துக்கு மறுபக்கமும் உண்டு. புதியதைத் திருடுவது ஒரு பக்கம். பழையதைத் தனதாக்கிக்கொள்வது இன்னொரு பக்கம். சுங்குடியின் புள்ளி வரிசையும் மாங்காய்க் கரையும் தலைமுறைகளின் பொதுச்சொத்து. அவற்றை யாரும் புதிய டிசைன் என்று பதிய முடியாது என்பது சட்டம். ஆனால் ஒரு கோலம் பழையது என்பதைக் காட்ட ஆவணம் வேண்டும். தேதியோடு தொகுத்த ஆவணம் இல்லாத இடத்தில், வெளியாள் ஒருவர் பழைய கோலத்தைப் பதிந்துகொண்டு உள்ளூராரையே மிரட்ட வழியுண்டு. பாதிக்கப்பட்ட எவரும் அந்தப் பதிவை ரத்து செய்ய மனு கொடுக்கலாம். கையில் சான்று இருந்தால்தான் மனு நிற்கும்.

உரிமை யாருக்கு என்ற கேள்வியும் உள்ளூரிலேயே எழும். கூலி வாங்கிக்கொண்டு டிசைன் வரைந்து கொடுத்தால், வரைந்தவரை விட்டுப் பணம் கொடுத்தவரையே உரிமையாளர் என்கிறது சட்டம். வாய்மொழியில் நடக்கும் இந்தத் தொழிலில் கூலியா, கூட்டா, விற்பனையா என்று எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. ஒரே டிசைனை இருவருக்கு வரைந்து கொடுப்பதும், முந்திய முதலாளிக்கு வரைந்ததைப் புதிய முதலாளிக்குக் கொண்டுபோவதும் நாளை வழக்காகலாம். ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் தீரும் சிக்கல் இது.

பொறுப்பு யாருடையது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. பதியாத துணி டிசைன்களுக்குக் குறைந்தது 3 ஆண்டு பாதுகாப்பு வேண்டும். வெளியிட்ட நாளிலிருந்து 12 மாத அவகாசம் வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பல டிசைன்களைச் சேர்க்க வழி வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வகுத்த 50,000 ரூபாய் உச்சவரம்பு இன்றைய சந்தைக்குப் பொருந்துமாறு உயர்த்தப்பட வேண்டும். இந்த நான்கும் இல்லாத சட்டம் பெரிய தொழிற்சாலைக்கே உதவும். தறிக்கும் பட்டறைக்கும் உதவாது.

சட்டம் மாறும்வரை மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் கைகட்டி இருக்கத் தேவையில்லை. இருக்கிற சட்டத்துக்குள் செய்யக்கூடியவை பல. மாவட்ட அளவில் சிறுதொழிலைக் கவனிக்கும் அமைப்பு, டிசைன் பதிவுக்கென்று ஒரு உதவி மேசையைத் திறக்க வேண்டும். படம் எடுப்பது, புதுமைக் குறிப்பு எழுதுவது, விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றுவது வரை அங்கேயே முடிய வேண்டும். கைத்தறி, ஜவுளித் துறைகள் பழைய கோலங்களைத் தேதியோடு தொகுத்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கட்டணத்தைத் திருப்பித் தருவது பெரிய நிதிச் சுமையாகாது. இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. உத்தரவும் பின்தொடர்தலும் போதும்.

உற்பத்தியாளர்களின் பங்கும் குறைவில்லை. கூட்டுறவுச் சங்கமாகவோ உற்பத்தியாளர் சங்கமாகவோ சேர்ந்தால் டிசைன் பதிவுச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பதிவைச் சங்கத்தின் பெயரிலேயே வைக்கலாம். எல்லா டிசைனையும் பதிய முடியாது என்றால், பருவத்தின் முதன்மை டிசைன்களையாவது தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். வரைந்த நாள், ஸ்கிரீன் செய்த நாள், முதல் விற்பனை நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பதிந்த பூட்டில் பதிவு எண்ணைப் பொறிக்க வேண்டும். பதிந்ததைக் குறிக்காமல் விற்றால் வழக்கில் இழப்பீடு பெறுவது கடினமாகும்.

வணிகர்களும் இணைய விற்பனைத் தளங்களும் தங்களுக்குப் பங்கில்லை என்று ஒதுங்க முடியாது. அனுமதியின்றிச் செய்த பொருள் என்று தெரிந்தும் விற்பனைக்கு வைப்பவரையும் 22ஆம் பிரிவு பொறுப்பாக்குகிறது. ஒரு ஊரிலிருந்து மாதிரிச் சேலை வாங்கி, வேறொரு ஊரில் மலிவாகச் செய்யச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் வணிகத் திறமையாகப் பேசப்படுகிறது. பதிந்த டிசைனாக இருந்தால் அது சட்ட மீறல். பதியாததாக இருந்தாலும், அந்தப் பழக்கம் நீடித்தால் புதிய டிசைன் போட ஆளே இல்லாமல் போகும். அப்போது விற்கவும் புதிதாக எதுவும் இருக்காது.

நிலைமை இதுதான். பதிந்த டிசைனுக்கு 15 ஆண்டு. பதியாத டிசைனுக்கு 50 பிரதிகள். சட்டத்தைத் திருத்த வேண்டியவர்கள் திருத்தட்டும். அதைக் கேட்டுப் பெறுவது மக்கள் பிரதிநிதிகளின் கடமை. உதவ வேண்டியவர்கள் மாவட்டத்தில் மேசையைத் திறக்கட்டும். அதைக் கேட்டுப் பெறுவது சங்கங்களின் கடமை. உற்பத்தியாளர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பருவத்துக்குப் போடும் புதிய டிசைனை யாருக்கும் காட்டும் முன் விண்ணப்பத்தை அனுப்புங்கள். இன்றைய சட்டம் கேட்பது அதைத்தான்.